அடிப்பெட்டியிலிருந்து எடுங்க

இராமநாதபுரம் அரண்மனைக்குப் போகும் கடைத்தெருவில் மர்ஜானாவின் சிரிப்பைக் கேட்காதவர்கள் குறைவு. எதிர்ச்சாரியில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரிப்பாள். கடை அப்படியொன்றும் பெரியதில்லை. முன்னால் கண்ணாடி அலமாரியில் சார்ஜர், ஹெட்போன், எமர்ஜென்சி லைட், பவர் பேங்க் எல்லாம் அடுக்கியிருக்கும். பின்னால் ஒரு மேசையில் அவள் கணவன் முஹைதீன் செல்போன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். துபாயில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவன். இருவரும் தினமும் காலையில் கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். அவன் பொருளோடு பேசுவான், அவள் ஆட்களோடு பேசுவாள் என்று கடைத்தெருவில் சொல்வார்கள்.

மர்ஜானா பி.காம் படித்தவள். பேரம் பேசுவதிலும் கெட்டி. ஆனாலும் அலமாரியில் இருந்த பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, யார் செய்தது என்று அவள் பெரிதாக யோசித்ததில்லை. மதுரையில் காளிதாஸ் என்ற மொத்த வியாபாரி மூட்டை மூட்டையாக அனுப்புவார். கூடவே, வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பையில் போட்டுக் கொண்டுவருவதும் உண்டு. விற்றது, லாபம் வந்தது, அவ்வளவுதான்.

அதை மாற்றியது ஒரு பவர் பேங்க்.

பாம்பனிலிருந்து இமானுவேல் என்ற மீனவர் ஒரு நாள் முற்பகலில் கடைக்கு வந்தார். வல்லம் என்ற நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், மர்ஜானாவின் வாடிக்கை. ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்ததைக் கண்ணாடி மேல் வைத்துப் பிரித்தார்.

"அக்கா, இதப் பாருங்க. நேத்துலேருந்து இப்படி உப்பிக்கிட்டே போவுது. சூடு வேற அடிக்குது."

கறுப்புப் பவர் பேங்க் எண்ணெயில் போட்ட பூரிபோல உப்பி, ஓரத்தில் மூட்டு விட்டிருந்தது. மர்ஜானா கையை நீட்டப்போனாள்.

"தொடாத!" என்று பின்னாலிருந்து கத்தினான் முஹைதீன். இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அதைத் தூக்கினான். பக்கத்துக் கட்டடத்துக்காகத் தெருவோரம் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நாலு எட்டு பின்னால் வந்திருப்பான். உஸ்ஸென்று ஒரு சீறல். அப்புறம் ஆளுயரத்துக்கு நெருப்பு. வெள்ளைப் புகை கடைக்குக் கடை புகுந்தது. பழக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவர, முஹைதீன் அவரை மறித்து மணலையே அள்ளி அள்ளிப் போட்டான்.

எல்லாம் அடங்கியபோது இமானுவேல் கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, வல்லத்துல டீசல் கேனுக்குப் பக்கத்துல வச்சுத்தான் சார்ஜ் போடுவேன். ஆறு பேரு போறோம். நடுக்கடல்ல இது இப்படி ஆயிருந்தா..."

மர்ஜானாவுக்கு அதை முடித்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அந்தப் பவர் பேங்கை அவருக்கு விற்றவள் அவள்தான். அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தாள். செய்தவன் பெயர் இல்லை, கொண்டுவந்தவன் முகவரி இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அன்று மதியம் பவர் பேங்க் அலமாரி முழுவதையும் காலி செய்தாள்.

"எல்லாத்தையுமா?" என்றான் முஹைதீன்.

"எல்லாத்தையும் மச்சான். எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியாது."

மறுநாள் காளிதாஸுக்குப் போன் போட்டாள். இந்திய தர நிறுவனத்தில் பதிவு பெறாத பவர் பேங்கை இந்த நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, விற்கவும் கூடாது என்று சட்டமே இருப்பதை அதற்குள் வாசித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். பவர் பேங்க் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பேட்டரி, சார்ஜர், எல்.இ.டி. விளக்கு என்று நீண்ட பட்டியல். பொருளைச் சோதனைச்சாலையில் காய்ச்சி, அடித்து, சார்ஜ் ஏற்றிப் பார்த்து, தேறினால்தான் 'ஆர்' என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண் பொருளின் மேலேயே இருக்க வேண்டும்.

காளிதாஸ் சிரித்தார். "நம்பர்தானம்மா வேணும்? இதுக்கா இவ்வளவு பதறுற? நம்மகிட்ட ஒரு நம்பர் இருக்கு. அடுத்த லோடுல அச்சடிச்சே அனுப்புறேன்."

"அது இந்தப் பொருளுக்கு வாங்குன நம்பராண்ணே?"

"எதுக்கு வாங்குனதா இருந்தா என்னம்மா, நம்பர் நம்பர்தான்."

"நான் நம்பர் கேக்கலண்ணே. தீப்பிடிக்காத பொருள் கேக்குறேன்."

"அப்படின்னா நீயே சீனாவுக்குப் போயிக் கொண்டாந்துக்க தாயி" என்று சொல்லிப் போனை வைத்தார் காளிதாஸ்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். மர்ஜானா அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

கீழக்கரை வீட்டில் இதைச் சொன்னபோது முதலில் எதிர்த்தவள் முஹைதீனின் அக்கா ஜுனைதா. குடும்பத்துக்கு மூத்தவள், கண்டிப்பானவள்.

"எதுக்கு இந்த வம்பு? பவர் பேங்க விட்டுட்டு மத்ததை வித்துட்டுப் போக வேண்டியதுதானே."

"நான் விக்காட்டி இமானுவேலு வேற கடையில வாங்குவாரு மதினி. அங்கனயும் இதே சாமான்தான். கடலுக்குப் போறவங்களுக்கு போன் வேணும், போனுக்குச் சார்ஜ் வேணும். நல்லது கிடைக்கலைன்னாத்தானே கெட்டத வாங்குறாங்க?"

ஜுனைதா திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். முஹைதீன், "எனக்கும் ஒரு ஆசை இருக்கு லாத்தா. உப்புக் காத்து உள்ள போகாத மாதிரி ஒண்ணு செய்யணும். இங்கன கடற்கரையில எந்தப் பவர் பேங்கும் ஒரு வருஷம் தாங்க மாட்டேங்குது" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதே வீட்டில் அதிசயம்.

பெயரும் அன்றைக்கே வைத்தாயிற்று. படகைத் திருப்பும் பலகையின் பெயர்: சுக்கான்.

ஏற்றுமதி இறக்குமதிக்கான குறியீட்டு எண் வாங்குவது சுலபமாகவே முடிந்தது. சிரமம் அதற்கப்புறம்தான். பதிவு என்பது இறக்குமதி செய்கிறவருக்குக் கிடைப்பதில்லை, பொருளைச் செய்யும் தொழிற்சாலைக்குக் கிடைப்பது. வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் அதன் சார்பில் இந்தியாவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொருளில் பிழை வந்தால் அரசு வந்து நிற்பது அவர் வாசலில்தான். அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று, பதிவு வேலைக்கு வைத்திருந்த ஆலோசகர் கேட்டபோது மர்ஜானா யோசிக்கவே இல்லை. தன் முழுப் பெயரையும் கீழக்கரை முகவரியையும் கொடுத்தாள்.

முதலில் பிடித்தது ஷென்ஜென் நகரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை. பளபளவென்று படங்கள் அனுப்பினார்கள். மாதிரிகள் வந்தன, சென்னையில் அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலைக்குப் போயின. முடிவு வந்தது: தோல்வி. ஷார்ட் சர்க்யூட் செய்து பார்த்ததில் சூடு வரம்பு தாண்டி, மேலுறை இளகிவிட்டது.

முஹைதீன் மிச்சமிருந்த ஒரு மாதிரியை மேசையில் வைத்துப் பிரித்தான். உள்ளே இருந்த பேட்டரியின் நீல உறையைக் கத்தி முனையால் கீறினான். அதற்கடியில் வெளுத்துப்போன பச்சை உறை ஒன்று தெரிந்தது.

"பழசு" என்றான். "ஏதோ லேப்டாப்புல ஓடித் தேஞ்ச பேட்டரிக்குப் புதுச் சட்டை போட்டு விட்டுருக்கான்."

மர்ஜானா படம் எடுத்து அனுப்பிக் கேட்டாள். தொழிற்சாலைக்காரன் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்புச் செயலி வழியாக அவன் பதில் வந்தது. சோதனைக்கு நல்ல பேட்டரி போட்ட மாதிரி தருகிறேன், அது தேறிவிடும். சரக்கில் மலிவானதைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் நாட்டிலிருந்து வாங்குகிற பலர் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் கணவனிடம் காட்டினாள். அதற்குள் அந்த வருஷத்தின் பெரும்பகுதி ஓடியிருந்தது. கொடுத்த முன்பணமும் திரும்பாது என்று தெரியும்.

"என்ன செய்யலாம்?" என்றான் முஹைதீன்.

"பாஸ்போர்ட் எங்க வச்சீங்க?" என்றாள் அவள்.

கடையை ஜுனைதாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புருஷனும் பொண்டாட்டியும் சீனா கிளம்பியதைக் கீழக்கரை முழுதும் பேசியது. பையில் இடியப்ப மாவும், மாசிக் கருவாட்டுப் பொடியும், டப்பா நிறையத் தொதல் என்ற தேங்காய்ப்பால் அல்வாவும் இருந்தன. பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் நாற்காலி, தேநீர், அழகான விளம்பரப் புத்தகம். மர்ஜானா மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றையே கேட்டாள்: "உங்க பேட்டரி குடோனைத் திறந்து காட்டுவீங்களா?" முகங்கள் மாறின. சாவிக்காரர் லீவு என்றார்கள். அனுமதி இல்லை என்றார்கள்.

ஷென்ஜென் நகர எல்லையில் ஒரு சின்னத் தொழிற்சாலையை லின் என்ற பெண் நடத்திக்கொண்டிருந்தாள். மர்ஜானாவின் வயதுதான் இருக்கும். கேள்வியைச் செயலியில் வாசித்துவிட்டு, பதிலே சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். குடோனில் வரிசை வரிசையாகப் பேட்டரிகள். அவற்றைச் செய்த கம்பெனிக்கும் ஏற்கெனவே இந்தியப் பதிவு இருந்தது. முஹைதீன் ஒரு பெட்டியின் நடுவிலிருந்து உருவி எடுத்தான். லின் கத்தியை நீட்டினாள். உறையைக் கீறினான். அடியில் வேறு உறை இல்லை, பளிச்சென்று தகரம்.

இன்னொன்று எடுத்தான். அதுவும் அப்படியே.

மர்ஜானா கைப்பையிலிருந்து தொதல் டப்பாவை எடுத்து லின் கையில் கொடுத்தாள். லின் ஒரு துண்டு வாயில் போட்டாள். கண்ணை விரித்து இன்னொன்று எடுத்தாள். வியாபாரம் அங்கேயே முடிந்தது என்று முஹைதீன் பின்னால் எல்லாரிடமும் சொல்லுவான். உண்மையில் அதற்கப்புறம் நிறையப் பேச வேண்டியிருந்தது. உப்புக் காற்றுப் புகாத ரப்பர் வளையம், ஈரக்கையில் வழுக்காத உறை, வலை பிரிக்க உதவும் சின்ன விளக்கு என்று முஹைதீன் கேட்டதையெல்லாம் லின் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, வேண்டாததை வேண்டாம் என்றும் சொன்னாள். கடலே இல்லாத ஊரில் வளர்ந்தவள் உப்புக் காற்றைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிறாளே என்று அவனுக்கு ஆச்சரியம்.

புது மாதிரி மறுபடி சோதனைச்சாலைக்குப் போனது. இந்த முறை தேறியது. தர நிறுவனத்தின் பதிவு வந்த செய்தி மர்ஜானாவின் போனில் விழுந்தபோது அவள் காலை பஸ்ஸில், திருப்புல்லாணி தாண்டிக்கொண்டிருந்தாள். வாசித்தாள். சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, லாட்டரியா?" என்றார் கண்டக்டர்.

"அதவிடப் பெருசுண்ணே. பரீட்சையில பாஸு!"

கண்டக்டர் இந்த வயதில் என்ன பரீட்சை என்று கேட்க, இராமநாதபுரம் வரும்வரை அவருக்கும் முன் சீட்டுக்காரர்களுக்கும் பேட்டரி பாடம் நடந்தது.

முதல் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கியது. சுங்க வேலைகளைப் பார்க்கச் சேதுபதி என்ற முகவரை வைத்திருந்தார்கள். அனுபவசாலி, அவசரப்படாதவர். அவரே அன்று அவசரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, சரக்கை நிறுத்திட்டாங்க. நீங்க நேர்ல வந்தா நல்லது."

மர்ஜானாவும் முஹைதீனும் போனபோது சரக்குக் கிடங்கில் சத்யப்பிரியா என்ற சுங்க அதிகாரி நின்றிருந்தார். கையில் ஒரு சுக்கான் பெட்டி. வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"பவர் பேங்க் மேல பதிவு எண் இருக்கு. நான் சரிபார்த்தேன், சரியா இருக்கு. ஆனா பெட்டியப் பாருங்க."

பெட்டியின் பின்பக்கம் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அவள் அனுப்பிய வரிகளை சீனாவில் அச்சுக்காரர் ஏதோ குறிப்பு என்று நினைத்து அழித்துவிட்டிருக்கிறார். அச்சுக்கு முன் கடைசிப் படத்தை வாங்கிப் பார்க்காதது தன் தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. மறைக்காமல் அப்படியே சொன்னாள்.

"இது சரிபண்ணக்கூடிய தவறுதான்" என்றார் சத்யப்பிரியா. "அனுமதி வாங்கிட்டு, சுங்கக் கிடங்குக்குள்ளேயே வச்சு லேபிள் ஒட்டலாம். ஆனா ஒரு பெட்டிகூட விட்டுப்போகக் கூடாது. அதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். நீங்க புது இறக்குமதியாளர். இப்போ போலி எண்ணோட நிறைய பவர் பேங்க் வருது. அதனால நான் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் போறேன். தேறலைன்னா மொத்தச் சரக்கும் வெளியே வராது."

சேதுபதி மெல்ல மர்ஜானாவைப் பார்த்தார். சரக்கு நின்றால், முதலுக்காக ஈடு வைத்த வீடும் கடையும் என்னாகும் என்பது அவருக்கும் தெரியும். மேலே அடுக்கியிருந்த பெட்டி ஒன்றை நோக்கி ஊழியர் கை நீட்டினார்.

"மேடம், ஒரு வார்த்தை" என்றாள் மர்ஜானா. "மேல இருந்து எடுக்க வேணாம். அடிப்பெட்டியிலிருந்து எடுங்க. நடுவுல இருந்தும் எடுங்க. நல்லதை மேல வச்சுக் கெட்டதைக் கீழ வைக்கிறவங்க இருக்காங்க. எங்க ஆளு அப்படி இல்லைன்னு நான் நம்புறேன். ஆனா உங்களுக்குத் தெரியணும்ல, எனக்கும் தெரியணும்."

சத்யப்பிரியா ஊழியரைத் தடுத்தார். அடுக்கு முழுவதையும் இறக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் முஹைதீன் கேட்டான். "பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு மச்சான். கையப் பிடிச்சுக்கங்க."

சோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அவள் கடையில் சிரித்ததை யாரும் கேட்கவில்லை. ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிற துஆ ஒன்றாகவே இருந்தது. லின்னிடமிருந்து தினமும் செய்தி வரும்: 'முடிவு?' இவள் பதில் அனுப்புவாள்: 'இன்னும் இல்லை.' அந்த இரண்டு பெண்களும் ஒரே கயிற்றின் இரு முனையில் நின்றிருந்தார்கள். லின் அந்தச் சரக்கில் ஒரு பெட்டியில் ஏமாற்றியிருந்தாலும் போதும், மர்ஜானாவின் கதை முடிந்தது. அடிக்கடி அவளுக்கு அந்தக் குடோனும், லின் பேசாமல் சாவியை எடுத்த வேகமும் ஞாபகம் வரும். அப்படிச் சாவி எடுக்கிறவள் ஏமாற்ற மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரம், கீழக்கரை வீட்டில் இருந்தபோது சேதுபதியின் போன் வந்தது. மர்ஜானா எடுத்தாள். காதில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜுனைதா பயந்து ஓடிவந்தாள்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"எல்லாம் தேறிடுச்சு மதினி. மேல எடுத்தது, நடுவுல எடுத்தது, அடியில எடுத்தது, எல்லாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்ற ஜுனைதா அடுத்த மூச்சிலேயே, "அப்ப லேபிள் ஒட்டணுமே, யாரு ஒட்டுவா?" என்றாள்.

"ஆள் பிடிக்கணும்."

"எதுக்கு ஆளு? நம்ம வீட்டுல இல்லாத ஆளா?"

இந்த வம்பே வேண்டாம் என்று முதல் நாள் சொன்ன அதே ஜுனைதா ஒரு வேன் பிடித்தாள். நாத்தனார்கள், சித்தி மகள்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று வேன் நிறைந்தது. அனுமதிச் சீட்டு ஒவ்வொருவருக்கும் சேதுபதி வாங்கி வைத்திருந்தார். துறைமுகத்தை அவர்களில் பலர் அன்றுதான் உள்ளே போய்ப் பார்த்தார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து குடும்பத்து ஆண்கள் கடல் வியாபாரம் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள். மலைபோலக் கொள்கலன்களைப் பார்த்து அண்ணாந்து நின்றார்கள்.

கிடங்கில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பெட்டியை எடுத்துத் தர, ஒருத்தி துடைக்க, ஒருத்தி ஒட்ட, ஜுனைதா கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். லேபிள் கோணலாக இருந்தால் பெட்டி திரும்பி வரும். "நம்ம பேரு கோணலாப் போகலாமா?" என்று அதட்டுவாள். மதியத்துக்குப் பிரியாணிச் சட்டி வந்தது. கிடங்குத் தொழிலாளிகளுக்கும் சேர்த்தே ஆக்கி எடுத்து வந்திருந்தார்கள். யாரோ கல்யாண வீட்டுப் பாட்டெடுக்க, மற்றவர்கள் கை ஓட்டத்தை நிறுத்தாமல் பின்பாட்டுப் பாடினார்கள்.

சாயங்காலம் சத்யப்பிரியா வந்து பார்த்தார். இஷ்டத்துக்கு அங்கங்கே பெட்டிகளை உருவித் திருப்பினார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே நேராக, மர்ஜானாவின் பெயரும் கீழக்கரை முகவரியும்.

"சரக்க விட்டாச்சு" என்றார் சேதுபதியிடம். பிறகு மர்ஜானாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "அடிப்பெட்டியத் திறங்கன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

சரக்கேற்றிய லாரி சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வர, பின்னால் வேன் வந்தது. ஏர்வாடி தாண்டியதும் வேனிலிருந்த பெண்கள் லாரிக்காரரை ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவரும் ஊர் எல்லைவரை அடித்துக்கொண்டே வந்தார். கீழக்கரையில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்து ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

சுக்கானைக் கடலோரம் ஏற்றுக்கொள்ள நாளாகவில்லை. பாம்பன் இமானுவேல் முதல் ஆளாக வந்து, வல்லத்து ஆட்கள் ஆறு பேருக்கும் வாங்கிப் போனார். மண்டபத்திலிருந்தும் மாரியூரிலிருந்தும் மீனவர் சங்கங்கள் கேட்டன. விலை மற்றதைவிடக் கொஞ்சம் கூடத்தான். மர்ஜானா அதை ஒளிக்கவில்லை. ஏன் கூட என்று கேட்டவர்களை முஹைதீனின் மேசைக்கு அனுப்பினாள். அவன் பிரித்து வைத்திருந்த இரண்டு பேட்டரிகளைக் காட்டுவான், பச்சைச் சட்டைக்கு மேல் நீலச் சட்டை போட்டது ஒன்று, தன் சட்டையோடு இருப்பது ஒன்று. வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. கடை வாசலில் மஞ்சள் வாளியில் மணல் நிரப்பி வைத்தாள். பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைப்பதும் கொண்டுவந்தவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. உப்பிய பவர் பேங்குகள் ஊர் ஊராக அங்கே வந்து சேர்ந்தன.

அடுத்த மாரிக்கு முன்னால் காளிதாஸ் வந்தார். போனில் அல்ல, நேரிலேயே. அவருடைய சரக்கு துறைமுகத்தில் பிடிபட்டிருந்தது. பெட்டியில் இருந்தது வேறொரு கம்பெனிக்கு விளக்குக்காகக் கொடுத்த எண். மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். கடைப்படியில் ஏறத் தயங்கி நின்றவரை மர்ஜானாதான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

"சிரிப்பியோன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"சிரிக்கலண்ணே. எனக்கு அனுப்புன அந்த உப்புன பவர் பேங்குக்காக ஒரு நாள் உங்களத் திட்டணும்னு வச்சிருந்தேன். அதை மட்டும் திட்டிக்கிறேன்."

நன்றாகவே திட்டினாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் தேநீர் வந்தது. தேநீர் முடிவதற்குள் மதுரைக்கும் அதற்கு வடக்கேயும் சுக்கானை விற்கிற உரிமை காளிதாஸுக்குப் போயிற்று. ஒரே நிபந்தனை, பதிவு எண் இல்லாத எந்தப் பொருளும் அவர் கடையில் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை ஜுனைதா மதுரைக்குப் போய் அலமாரியைப் பார்த்துவருவாள். காளிதாஸுக்குச் சுங்கத்தைவிட ஜுனைதாவிடம்தான் பயம் என்று இப்போது கடைத்தெருவில் பேச்சு.

இந்த வருஷம் பரமக்குடியில் மாவட்ட மின்சாதன வியாபாரிகள் கூட்டம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மேடையில் மர்ஜானா. கீழே முன்வரிசையில் முஹைதீன், புதுச் சட்டையில் நெளிந்துகொண்டு. அவள் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள், அச்சில் கோட்டை விட்டது உட்பட. முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரிங்கம்மா. ஒத்தைக் கடைக்காரன் நான். சோதனை, பதிவு, துறைமுகம்னு இவ்வளவும் என்னால ஆகுமா?"

"தனியா ஆகாதுண்ணே" என்றாள் மர்ஜானா. "எனக்கும் தனியா ஆகல. எங்க வீட்டுக்காரர் இல்லாட்டி பேட்டரி ஏமாத்தி இருக்கும். எங்க மதினி இல்லாட்டி பெட்டி அங்கனயே கிடந்திருக்கும். நீங்க பத்துக் கடை சேருங்க. எந்தச் சாமான் வேணும்னு ஒண்ணாச் சொல்லுங்க. சார்ஜர் வேணுமா, லைட்டு வேணுமா? நல்ல தொழிற்சாலையா தேடுவோம். அங்க குடோனைத் திறந்து பாக்க நான் போறேன். இந்தியாவுல பொறுப்பு யாருன்னு கேட்டா என் பேரை எழுதிக்கலாம்."

அந்த ஒத்தைக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "சார்ஜருக்கு நான் சேர்றேன்!" பக்கத்தில் இன்னொரு கை. சிக்கலிலிருந்து வந்திருந்தவர் நாற்காலி மேலேயே ஏறிக் கை தூக்கினார். சுவரோரம் நின்றவர்களும் தூக்கினார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கைகள்.

மர்ஜானா சிரித்தாள். ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. மைக் செட்டுக்காரர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். அப்போதும் அந்தச் சிரிப்பு வைகைப் பாலம் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.